உங்கள் தெருவில் ஒரு புத்தகப் பெட்டி: பதின்ம வயதுத் தன்னார்வலர்களுக்கான வழிகாட்டி

தமிழில் குழந்தைகளுக்கான இலவசப் புத்தகங்களுக்கு இன்று பஞ்சமில்லை. பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் குவிந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கி, அச்சிட்டு, இலவசமாகக் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் அரசுப் பள்ளிகளுக்குச் சிறு கதைநூல்களைத் தந்திருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளின் பரண்களிலும் கதைப்புத்தகங்கள் தூங்குகின்றன. இருந்தும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தன்னால் படிக்க முடிகிற ஒரு புத்தகத்தை இந்த வாரம் வீட்டுக்கு எடுத்துப் போனாளா என்று கேட்டால், பெரும்பாலான தெருக்களில் இல்லை என்பதே பதில். புத்தகம் ஒரு பக்கம் இருக்கிறது, பிள்ளை ஒரு பக்கம் இருக்கிறாள், நடுவில் ஆள் இல்லை.

அந்த வேலைக்கு 14 முதல் 17 வயதுக்காரர்களைப் போல வேறு யாரும் பொருந்த மாட்டார்கள். நீங்கள் அதே தெருவில் இருக்கிறீர்கள். எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது, எது படிக்கத் தெரிவதாக நடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அக்கா, அண்ணா என்று கூப்பிடுகிற ஒருவரிடம் “எனக்குப் படிக்க வரலை” என்று சொல்வது ஆசிரியரிடம் சொல்வதைவிட எளிது.

ஒரு தெரு, ஒரு பெட்டி, வாரம் ஒரு நாள் என்ற அளவில் பிள்ளைகளுக்குப் புத்தகம் இரவல் கொடுக்கும் இந்த வேலையை எப்படித் தொடங்கி நிலைக்கச் செய்வது என்பதைக் கீழே சொல்கிறோம். ஊர் முழுவதற்கும் நூலகம் அமைக்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

பெரியவர் ஒருவர் வேண்டும்

உங்களுக்கு 18 வயது ஆகவில்லை. ஆகவே பெற்றோரின் சம்மதமும், பொறுப்பேற்கும் ஒரு பெரியவரும் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஊர்ப்புற நூலகர், பள்ளி ஆசிரியர், மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் ஓர் அக்கா, இப்படி யாராவது போதும். அவர் வாராவாரம் உட்கார வேண்டியதில்லை. ஏதாவது என்றால் வந்து நிற்க வேண்டும், பணம் சம்பந்தப்பட்டதை அவர் கையாள வேண்டும். நீங்கள் யாரிடமும் ரொக்கம் வாங்காதீர்கள், ஜிபே எண்ணும் கொடுக்காதீர்கள். அச்சிடும் செலவுக்கு உதவ விரும்புகிறவர் நேராக ஜெராக்ஸ் கடையில் பணம் கட்டட்டும். பத்து ரூபாய் கணக்கில் எழுந்த பேச்சே நல்ல முயற்சிகளை நிறுத்திவிடும்.

இன்னும் நான்கு விதிகள். எப்போதும் இருவராக இருங்கள். புத்தகம் கொடுப்பது பலர் கண்ணில் படும் திறந்த இடத்தில்தான். யார் வீட்டுக்குள்ளும் வேண்டாம். பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். நன்கொடையாளர் படம் கேட்டால் புத்தகங்களை மட்டும் எடுத்து அனுப்புங்கள். ஒரு பிள்ளை வீட்டில் அடி வாங்குவதையோ யாரோ தவறாக நடப்பதையோ உங்களிடம் சொன்னால், விசாரிக்கக் கிளம்பாமல் அன்றே உங்கள் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணை நீங்களே அழைக்கலாம், கட்டணம் இல்லை.

எங்கே, எப்போது

இடம் தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி தோற்கும். கோயில் மண்டபம் நிழலாக, வசதியாக இருக்கும். ஆனால் பல ஊர்களில் காலனிப் பிள்ளைகள் அங்கே கால்வைக்கத் தயங்குவார்கள், அல்லது தயங்க வைக்கப்படுவார்கள். ஒரு சாதிக்காரர் வீட்டுத் திண்ணையும் அப்படித்தான். பள்ளி வாசல், நூலகம், அங்கன்வாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மரத்தடி என்று எல்லாப் பிள்ளைகளும் ஏற்கெனவே வந்து போகும் இடமாகப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால், வராத பகுதிக்கே பெட்டியைக் கொண்டுபோய் வையுங்கள். அங்கே வைத்தால் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதும் தெரிந்துவிடும். பொது இடம் என்றால் ஊராட்சித் தலைவரிடமோ வார்டு உறுப்பினரிடமோ முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நேரத்தைப் பெண்பிள்ளைகளிடம் கேட்டு வையுங்கள். மாலை 5 மணி என்று நீங்களாக வைத்தால், தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அந்த நேரத்தில்தான் என்பதால் பத்து வயதுச் சிறுமிகள் வர மாட்டார்கள். தம்பியைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று சொல்லிவிடுங்கள். நேரம் முடிவானபின் மாற்றாதீர்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வந்து ஏமாந்த பிள்ளை மூன்றாம் வாரம் வராது.

செங்கல் சூளை பக்கத்தில் இருந்தால் அதைத் தனியாக யோசியுங்கள். திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் நீட்டிப் பயனில்லை. ஸ்டோரிவீவரில் பல கதைகள் ஒடியாவிலும் தமிழிலும் இருக்கின்றன. அதே படங்களோடு இரண்டையும் அச்சிட்டுச் சேர்த்தே கொடுங்கள். வேலைக்காலம் முடிந்ததும் குடும்பம் ஊருக்குப் போய்விடும். கடைசி வாரத்தில் கொடுக்கும் புத்தகத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.

எத்தனை, எந்த மட்டத்தில்

இருபது பிள்ளைகளுக்கு 60 புத்தகங்களோடு தொடங்கலாம். ஆளுக்கு மூன்று என்பது கணக்கு: ஒன்று கையில் இருக்கும், ஒன்று வேறொரு பிள்ளையிடம் இருக்கும், ஒன்றாவது பெட்டியில் தேர்ந்தெடுக்க மிஞ்சும். இதற்குக் குறைந்தால் மூன்றாவது வாரமே “எல்லாம் படிச்சாச்சு” என்பார்கள். நூற்றைம்பதோடு தொடங்கினால் எது எங்கே போனது என்று உங்களால் கண்காணிக்க முடியாது.

ஸ்டோரிவீவர் தன் புத்தகங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலை எளிய சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை, 250 சொல்லுக்குள். இரண்டாம் நிலை 600 வரை. மூன்றாம் நிலை 1,500 வரை. நான்காம் நிலை அதற்கு மேல். வாசிப்பு இயக்க நூல்களில் நுழை, நட, ஓடு, பற என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் பிள்ளைகளுக்கு இது பழகியிருந்தால் நீங்களும் அதையே பயன்படுத்துங்கள். அறுபதில் முதல் நிலை 25, இரண்டாம் நிலை 20, மூன்றாம் நிலை 10, நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுவதற்குப் பெரிய படங்களோடு 5 என்று வையுங்கள். முதல் நிலை அதிகமாகத் தோன்றும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் அதைத்தான் எடுப்பார்கள் என்பதை முதல் மாதத்திலேயே பார்ப்பீர்கள்.

அதனால்தான் நிலையை வகுப்பை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. அட்டையின் முதுகில் நிலைக்கு ஒரு நிறப் பொட்டு ஒட்டுங்கள்; எண்ணோ வகுப்போ எழுதாதீர்கள். “நீ அஞ்சாங்கிளாஸ், இன்னும் இதுதான் படிக்கிறியா” என்று பக்கத்துப் பையன் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை மறுவாரம் படிக்க முடியாத தடிப் புத்தகத்தை எடுத்துப் போய் அப்படியே கொண்டுவரும். பிள்ளைக்குப் புத்தகம் பொருந்துகிறதா என்று பார்க்க ஐந்து விரல் முறை போதும். நடுவிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள், தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஒரு பக்கத்துக்குள் ஐந்து விரலும் மடங்கினால் அது இப்போதைக்குக் கனம். முதல் நிலைப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும் என்பதால் அங்கே இரண்டு விரல் மடங்கினாலே போதும், வேறு எடுங்கள்.

கேட்டு வாங்குவதும் கழிப்பதும்

“பழைய புத்தகம் இருந்தால் தாருங்கள்” என்று வாட்ஸ்அப்பில் போட்டால் கைடும் நோட்ஸும் வாரப் பத்திரிகைகளும் மூட்டையாக வரும். எது வேண்டும், எது வேண்டாம் என்று இரண்டையும் எழுதுங்கள்: “எங்கள் தெருவில் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வாராந்திரப் புத்தகப் பெட்டி வைக்கிறோம். படம் உள்ள தமிழ்க் கதைப்புத்தகம், சிறுவர் அறிவியல், எளிய ஆங்கிலப் படக்கதை வேண்டும். பாடப்புத்தகம், கைடு, எழுதிய பயிற்சிப் புத்தகம், பெரியவர்களின் பத்திரிகை வேண்டாம். பணம் வாங்குவதில்லை.” அரசுப் பள்ளிகளில் பாடநூல் இலவசமாகவே கிடைக்கிறது, பாடத்திட்டமும் மாறிவிட்டது, பழைய பாடப்புத்தகம் வெறும் சுமை.

வந்ததைப் பிரிக்கும்போது இரக்கம் வேண்டாம். பக்கம் குறைந்தது, பூஞ்சை வாடை அடிப்பது, மதப் பிரசாரம், கட்சிப் பிரசுரம், கறுப்பு நிறத்தையோ உடற்குறையையோ கேலி செய்யும் கதை, எழுத்து எறும்பு போலிருக்கும் ஆங்கிலத் தொகுப்பு எல்லாம் வெளியே. இலவசமாகப் பெறுகிற பிள்ளைக்குக் கிழிந்தது போதும் என்ற நினைப்பு கொடுப்பவர் பலரிடம் உண்டு. உங்களிடம் அது இருக்கக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்போமா என்று கேட்டுக்கொண்டால் தீர்மானம் எளிது. கழித்ததைப் பழைய பேப்பர் கடைக்குப் போடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

புதிதாக வாங்கித் தர யாராவது முன்வந்தால், நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்களைச் சொல்லுங்கள். 1957 முதல் இயங்கும் அரசு நிறுவனம், விலை குறைவு. பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகளும், தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் தரும் தூலிகாவின் இருமொழி நூல்களும் நல்லவை. சென்னைப் புத்தகக் காட்சியிலும் மாவட்டப் புத்தகக் காட்சிகளிலும் 10 சதவீதத் தள்ளுபடி வழக்கம்.

உரிமை பற்றி இரண்டு வார்த்தை

கடையில் விற்கும் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து இலவசமாகக் கொடுப்பதும் தவறு. பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் பகிர்வதும் தவறு. தமிழில் சிறுவர் நூல் போடும் பதிப்பகங்கள் சிறியவை. சில நூறு பிரதி விற்காமல் போனாலே அடுத்த புத்தகம் வராது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழித்துத்தான் பதிப்புரிமை முடிகிறது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகள் இதற்கு விலக்கு.

படக்கதைகளுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை, அதாவது படைத்தவர் சில நிபந்தனைகளோடு முன்கூட்டியே தரும் பொது அனுமதியைப் பாருங்கள். ஸ்டோரிவீவர் கதைகளில் இருக்கும் சிசி பை 4.0 என்றால் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், சுருக்கலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரும் உரிமமும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அந்த விவரம் பிடிஎஃபின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். காசு மிச்சம் பிடிக்க அந்தப் பக்கங்களை முழுதாக விட்டுவிட்டு அச்சிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பக்கம் மிச்சப்படுத்த வேண்டுமென்றால் விவரத்தைச் சிறிய எழுத்தில் பின்னட்டையின் உள்பக்கம் சேருங்கள். என்சி என்று இருந்தால் வியாபாரம் கூடாது, உங்கள் வேலைக்குத் தடையில்லை. என்டி என்று இருந்தால் மொழிபெயர்க்கவோ மாற்றவோ கூடாது.

ஜெராக்ஸ் கடையில்

ஸ்டோரிவீவர் தளத்தில் கணக்கு திறந்து, அச்சுக்கு உகந்த பெரிய பிடிஎஃபை இறக்குங்கள். சிறிய பிடிஎஃபில் படங்கள் மங்கும். அதை அப்படியே அச்சிடக் கொடுங்கள். வேர்டில் ஒட்டி மாற்றக் கூடாது. வேர்டுக்குப் போனால் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ உடைந்து நிற்கும். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் கெட்டது செய்யும். சில கடைக் கணினிகளில் பிடிஎஃபே தமிழைத் தவறாக அடிக்கும். அக்ரோபேட் ரீடரின் அச்சுப் பெட்டியில் ‘அட்வான்ஸ்டு’ போய் ‘பிரின்ட் ஆஸ் இமேஜ்’ போட்டால் சரியாகிவிடும். எப்படியும் முதல் பிரதியை முழுதாகப் படித்துப் பார்த்தபிறகே மற்றவற்றை அடிக்கச் சொல்லுங்கள்.

பக்க வடிவத்தைப் பாருங்கள். நெட்டாக இருக்கும் புத்தகம் கையேடாக மடிக்க ஏற்றது. ஏ4 தாளில் ‘புக்லெட்’ முறையில், இரண்டு பக்கமும், ‘ஷார்ட் எட்ஜ்’ திருப்பலில் அடித்தால், மடித்ததும் ஏ5 புத்தகம் கிடைக்கும். ‘லாங் எட்ஜ்’ என்று அடித்துவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் தலைகீழாக வரும். ஒரு தாளுக்கு 4 பக்கம். 16 பக்கக் கதைக்கு 4 தாள். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால் மென்பொருள் தானாக வெற்றுப் பக்கங்களைக் கடைசியில் சேர்க்கும். அப்போது பின்னட்டை உள்ளே போய், வெள்ளைத் தாள் வெளியே வந்துவிடும். 14 பக்கம் என்றால், பின்னட்டைக்கு முன்னால் இரண்டு வெற்றுப் பக்கங்களை நீங்களே நுழைத்து 16 ஆக்குங்கள். அந்த இரண்டு பக்கமும் பிள்ளை படம் வரையப் பயன்படும்.

அகலவாக்கில் இருக்கும் புத்தகத்தை இப்படி மடிக்காதீர்கள். ஏ5 பாதிக்குள் அடங்க வேண்டி அளவு பாதியாகிவிடும். 20 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 10 புள்ளி ஆகும். முதல் நிலைக்கு அது உதவாது, அங்கே அச்சில் 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. அகலப் புத்தகத்தை ஏ4 தாளில் பக்கத்துக்குப் பக்கம் முழு அளவில் அடித்து, இடது ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்பைரல் போடுங்கள். கம்பி ஸ்பைரல் முனை குத்தும்.

தாள் விஷயத்தில் ஒன்று. வழக்கமான 70 அல்லது 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாளில் இரண்டு பக்கமும் கலர் அடித்தால் அந்தப் பக்கத்துப் படம் இந்தப் பக்கம் தெரியும். உள்தாளுக்கு 100 ஜிஎஸ்எம், அட்டைக்கு 200 ஜிஎஸ்எம்மாவது கேளுங்கள். லேசர் அச்சாக இருக்கட்டும். இங்க்ஜெட் மை ஈரக் கை பட்டால் கரையும். கலருக்குப் பணம் போதாவிட்டால் கோட்டோவியம் உள்ள கதைகளைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பு வெள்ளையில் அடியுங்கள். இரவுக் காட்சியும் அடர்ந்த காடும் உள்ள கலர்ப் புத்தகத்தைக் கறுப்பு வெள்ளையில் அடித்தால் கரிப்பலகைதான் கிடைக்கும்.

தைப்பது

ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு ஸ்டேப்ளர் பின் வேண்டாம், நூல் தையல் போடுங்கள். தடித்த பருத்தி நூலை 65 செ.மீ. வெட்டி, மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள், முடிச்சு நழுவாது. பிறகு:

1. தாள்களையும் அட்டையையும் ஒன்றாக மடித்து, ஓரங்களைத் தட்டிச் சமமாக்குங்கள். மடிப்பை ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள்.
2. விரித்து, மடிப்பின் நட்டநடுவில் ஒரு துளை, மேல் ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் 4 செ.மீ. தள்ளி ஒவ்வொரு துளை, ஆக மூன்று துளை போடுங்கள். அடியில் பழைய நோட்டு ஒன்றை வைத்துக் குத்தினால் தாள் கிழியாது.
3. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வாருங்கள், ஒரு சாண் நூலை உள்ளே விட்டு வையுங்கள். மேல் துளையில் உள்ளே போங்கள். உள்பக்கமாக நடுத்துளையைத் தாண்டி, கீழ்த் துளையில் வெளியே வாருங்கள். நடுத்துளையில் மறுபடி உள்ளே போங்கள்.
4. இரண்டு முனையும் நீள நூலின் இருபுறமும் இருக்கும்படி வைத்து, இறுக்கி, இரட்டை முடிச்சு போட்டு, ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

மடிப்புக்கு நேராக இழுத்து இறுக்குங்கள். குறுக்கே இழுத்தால் துளை கிழிந்து நீளும். பெரிய பிள்ளைகளின் புத்தகத்துக்கு நீளக்கை ஸ்டேப்ளர் போதும். பின்னை அட்டைப் பக்கத்திலிருந்து அடித்து, முனைகள் நடுப்பக்கத்தில் படுத்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நீங்களே மொழிபெயர்க்கலாம்

கதை தமிழில் இல்லாவிட்டால் ஸ்டோரிவீவரிலேயே நீங்கள் மொழிபெயர்த்து வெளியிடலாம். தென்னாப்பிரிக்காவின் புக் டாஷ் போன்ற அமைப்புகளின் திறந்த உரிமக் கதைகளும் அங்கே உண்டு. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் பழகினால் கை ஓடும்.

இங்கே கெடுவது பெரும்பாலும் சொல்லின் நீளம். ஆங்கிலத்தில் நான்கு எழுத்துச் சொற்களாக ஓடும் முதல் நிலைக் கதை, தமிழில் ‘ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்’ என்று ஆனால் எழுத்துக் கூட்டும் பிள்ளை பாதி வழியில் நின்றுவிடும். ‘நாய் ஓடியது. பாலு பார்த்தான்.’ என்று இரண்டாக உடையுங்கள். முதல் நிலையில் ஒரு சொல் நான்கைந்து எழுத்தைத் தாண்டாமல் பாருங்கள். ‘மரத்தின் மேலிருந்து’ என்பதைவிட ‘மரத்தில் இருந்து’ எளிது. புணர்ச்சி சேராமல் சொற்கள் தனித்தனியாக நிற்கட்டும். உரையாடலைப் பேச்சு வழக்கில் வைக்கலாம், விவரிப்பை எளிய எழுத்துத் தமிழில் வையுங்கள். இரண்டும் ஒரே வரியில் கலக்க வேண்டாம்.

இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டாதீர்கள். ஓசை போய்விடும். ‘ஸ்பிளாஷ்’ என்பதற்கு ‘தொபுக்கடீர்’ என்று அது எழுதாது. முடித்ததும் உரக்கப் படியுங்கள். பிறகு இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் காது கொடுங்கள். தடுக்கிய இடம் எல்லாம் திருத்த வேண்டிய இடம். பிள்ளையிடம் திரும்பப் படிக்கச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள்.

பதிவேடு

ஒரு நீள நோட்டு. இடப்பக்கம் புத்தகப் பட்டியல்: வரிசை எண், தலைப்பு, நிறம். வலப்பக்கம் எடுத்தவர் பெயர், தேதி, புத்தக எண், திரும்பிய தேதி. அந்த எண்ணை உள்ளட்டையில் பேனாவால் எழுதுங்கள், ஒட்டுச்சீட்டு உதிரும். பெயரைப் பிள்ளையே எழுதட்டும், எழுத வராவிட்டால் நீங்கள் எழுதிக் காட்டுங்கள். தொலைபேசி எண், ஆதார், சாதி, அப்பா வேலை எதுவும் கேட்காதீர்கள். தெருப் பெயர் போதும்.

வாரம் ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம். மஞ்சப்பையில் போட்டுக் கொடுங்கள். பையோடு போன புத்தகம் பையோடு வரும் பழக்கம் நிலைக்கும், நனையவும் செய்யாது.

அபராதம் வைக்காதீர்கள். புத்தகம் திரும்பாததற்குக் காரணம் பெரும்பாலும் திருட்டு இல்லை, பயம். தம்பி கிழித்திருப்பான், கொண்டுவந்தால் திட்டுவார்கள் என்று பிள்ளை வருவதையே நிறுத்திவிடும். முதல் நாளே எல்லோரிடமும் சொல்லுங்கள்: “கிழிஞ்சா கிழிஞ்சதைக் கொண்டு வா, நாம ஒட்டலாம்.” மூன்று வாரம் வராத பிள்ளையைத் தெருவில் பார்த்தால் “புத்தகம் எங்கே” என்று தொடங்காமல் “புதுசு வந்திருக்கு, வா” என்று கூப்பிடுங்கள். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போகிற பிள்ளைகளிடம் முந்தின வாரமே கேட்டு வாங்குங்கள், அல்லது இரண்டாகக் கொடுத்து அனுப்புங்கள். சில புத்தகங்கள் தொலையத்தான் செய்யும். தொலைந்தது அந்த வீட்டில் யாரோ ஒருவர் கையில் இருக்கும்.

அந்த ஒரு மணி நேரம்

முதல் பதினைந்து நிமிடம் திருப்பி வாங்குங்கள். அடுத்த பத்து நிமிடம் ஒரு கதை உரக்கப் படியுங்கள். மீதி நேரம் பிள்ளைகள் புரட்டி, தேர்ந்தெடுத்து, அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும். படிக்கும்போது புத்தகத்தை உங்கள் தோளுக்குப் பக்கத்தில், படம் பிள்ளைகள் பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். அதற்காகவே கதையை வீட்டில் இரண்டு முறை படித்து வந்திருக்க வேண்டும். வரிசையாக உட்கார வைத்தால் பின்னால் இருப்பவர்களுக்குப் படம் தெரியாது, அரைவட்டம் போடுங்கள்.

முடிந்ததும் “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்த நொடியில் பெட்டி பள்ளிக்கூடமாகிவிடும். கேட்க வேண்டுமென்றால் “யானை ஏன் அப்படிச் செஞ்சுது?” என்று கேளுங்கள், அல்லது சும்மா இருங்கள். படித்ததைச் சோதிக்க வேண்டாம், நட்சத்திரம் ஒட்ட வேண்டாம், அதிகம் படித்தவருக்குப் பரிசும் வேண்டாம். பரிசு வைத்தால் மெல்லப் படிக்கும் பிள்ளை முதலில் விலகும். வேகமாகப் படிக்கும் பிள்ளை படிக்காமலேயே மாற்றி மாற்றி எடுக்கும்.

ஒரே புத்தகத்தை நான்காவது முறை கேட்கும் பிள்ளைக்கு அதையே கொடுங்கள். மனப்பாடமான கதையில்தான் எழுத்து பிடிபடுகிறது. அப்படி எல்லோரும் கேட்கும் தலைப்புக்கு இரண்டாவது பிரதி அடியுங்கள். அறுபதுக்கு மேல் சேர்க்கும் முதல் புத்தகங்கள் இவையாகவே இருக்கட்டும்.

மழை, பூச்சி, கிழிசல்

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியை இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தரையில் வைத்தால் கரையான் வரும். சுவரை ஒட்டி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை புத்தகங்களை நிழலில் விரித்து வையுங்கள். நேர் வெயிலில் அட்டை வளையும், நிறம் வெளுக்கும். பூச்சிக்கு நன்கு காய்ந்த வேப்பிலையைத் துணியில் கட்டிப் போடலாம். அந்துருண்டை கூடவே கூடாது. மிட்டாய் என்று நினைத்துச் சிறு பிள்ளை வாயில் போட்டால் நஞ்சு.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஓர் ஆண்டில் மஞ்சளாகி, பிசின் கசிந்து, பக்கத்துப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஃபெவிகாலைச் சிறிது நீர் விட்டு இளக்கி, மெல்லிய டிஷ்யூ தாள் கீற்றைக் கிழிசல் மேல் ஒட்டி, இருபுறமும் பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான ஏதாவது ஒன்றின் அடியில் ஓர் இரவு விடுங்கள். கீற்றைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் உறுத்தாது. இதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தான் ஒட்டிய புத்தகத்தை யாரும் கிழிக்க விடமாட்டார்கள்.

உங்களுக்குப் பரீட்சை வரும்போது

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருந்தால் பொதுத்தேர்வு மாதங்களில் உங்களால் வர முடியாது. பெரும்பாலான தெருப் பெட்டிகள் அப்போதுதான் மூடி, திரும்பத் திறக்காமலே போகின்றன. ஆகவே தொடங்கும்போதே இரண்டு வகுப்பு கீழே உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை முதலில் பதிவேடு எழுதட்டும், பிறகு கதை படிக்கட்டும், டிசம்பருக்குள் ஒரு வாரம் முழுவதும் தனியாக நடத்திப் பார்க்கட்டும், நீங்கள் ஓரமாக இருங்கள்.

கையளிக்கும்போது கொடுக்க வேண்டியவை: பதிவேடு, பெட்டிச் சாவி, அச்சிட்ட பிடிஎஃப்கள் எல்லாம் இருக்கும் ஒரு பென் டிரைவ், ஜெராக்ஸ் கடையில் எந்தத் தாள், எந்தத் திருப்பல் என்று எழுதிய சீட்டு, பொறுப்பாளரின் எண், இன்னும் திரும்பாத புத்தகங்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே எந்த நிறப் பொட்டுப் புத்தகம் அவர்களுக்கு ஓடுகிறது என்பதையும் பென்சிலால் குறித்து வையுங்கள். பென்சில் ஏனென்றால், மூன்று மாதத்தில் அது மாறியிருக்கும்.